பாளையங்கோட்டை ஹாலில் ஒரு டபுள் பேஸ்: தந்தி உயரத்திலிருந்து லைவ் ரெக்கார்டிங் வரை

பேஸ் சத்தம் சரியில்லை என்றால் முதலில் மைக்கைத்தான் குறை சொல்வார்கள். அடுத்து மிக்சரில் 80 ஹெர்ட்ஸைத் தூக்குவார்கள். தூக்கத் தூக்க ஒரே இரைச்சலாகும். என்ன நோட்டு என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. நின்றுகொண்டு வாசிக்கும் ஆளுயர வயலின் வகைக் கருவியான டபுள் பேஸைப் பொறுத்தவரை ரெக்கார்டிங்கின் முக்கால்வாசி, மைக் ஸ்டாண்டை விரிப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. தந்தி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, உள்ளே முகப்புக்கும் முதுகுக்கும் நடுவே சவுண்ட் போஸ்ட் என்ற குச்சி எங்கே நிற்கிறது, வாசிப்பவர் ஹாலில் எந்த இடத்தில் நிற்கிறார், பிக்கப் ஒயர் எதில் போய்ச் சேருகிறது என்ற நான்கும் சரியாக இருந்தால் மிக்சரில் செய்வதற்கு அதிகம் மிஞ்சாது.

கருவி: சீனத் தயாரிப்பு, முக்கால் அளவு, பிளைவுட் உடம்பு, நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் தந்தி ஏறும் கட்டை) பிரிட்ஜ் வரை (உடம்பின் மேல் தந்தியைத் தாங்கி நிற்கும் பலகை) தந்தி நீளம் 105 செ.மீ. அணி: பியானோ, டிரம்ஸ், பேஸ். இடம்: பாளையங்கோட்டையில் ஒரு மாடி ஹால், 30 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரம், மொசைக் தரை, கான்கிரீட் கூரை.

பிளைவுட் என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நெல்லைச் சீமையில் அதுதான் புத்திசாலித்தனம். சித்திரை, வைகாசி வெயிலில் மரம் காய்கிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சுகிறது. அதே நாட்களில் ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளித் தென்காசிப் பக்கம் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் மழை. இந்தச் சுழற்சியில் முழுப் பலகை ஸ்ப்ரூஸ் முகப்பு சுருங்கி விரிந்து, கடைசியில் நார் வாக்கில் வெடிக்கும். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் வெடிப்பு அபூர்வம். சத்தத்தில் கொஞ்சம் ஆழம் குறையும், அவ்வளவுதான். ஆனால் விளிம்பு ஒட்டு பிளைவுட்டிலும் விடும்.

விளிம்பு ஒட்டு

ஒட்டு விட்ட இடத்தைக் கண்ணால் தேட வேண்டாம். விரல் முட்டியால் விளிம்பு நெடுக ஒரு அங்குலத்துக்கு ஒரு தட்டு. ஒட்டியிருக்கும் இடம் கெட்டியாகக் கேட்கும். விட்ட இடம் சளசளக்கும். இந்தக் கருவியில் கீழ்ப்பகுதியில், தடித்த இ தந்திப் பக்கமாக, ஒரு சாண் நீளத்துக்கு விட்டிருந்தது. தாழ்ந்த ஏஃப், ஜி நோட்டுகளில் வந்த அதிர்வுச் சத்தத்துக்கு அதுதான் காரணம். இதை பிரிட்ஜ் கோளாறு என்று நினைத்து பிரிட்ஜை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய.

ஒட்டுவதற்கு ஆசாரிமார் பழைய காலத்தில் பயன்படுத்திய வஜ்ரமே, அதாவது மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையே, சரி. வெள்ளைப் பசை பிடிக்கும், ஆனால் அடுத்த தடவை பிரிக்க வேண்டிவந்தால் மரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். பழைய பசை இருக்கும் இடத்தில் புதுப் பசையும் ஒட்டாது. வஜ்ரம் மரம் வெடிப்பதற்கு முன் தானே விட்டுக்கொடுக்கும். சூடும் ஈரமும் காட்டினால் இளகும், பழையதன் மேலேயே புதிது பிடிக்கும்.

எடைக்கு ஒரு பங்கு வஜ்ரம், இரண்டு பங்கு தண்ணீர். முந்தின இரவே ஊறப்போட்டு, காலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணமாக வைத்து 60 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். நேரடி அடுப்பு கூடாது. கொதித்தால் பலம் போய்விடும். தூரிகையைத் தூக்கினால் சொட்டுச் சொட்டாக விழாமல் ஒரே நூலாக இறங்க வேண்டும், அதுதான் பதம். குளிர் நாடுகளின் கையேடுகள், பூசிய சில நொடிகளில் வஜ்ரம் உறைந்துவிடும், மரத்தையும் சூடாக்கிக்கொள் என்று எச்சரிக்கும். இங்கே சித்திரையில் 38 டிகிரி வெயில் அந்த வேலையைச் சும்மா செய்து தருகிறது, நிதானமாகப் பூசலாம். மின்விசிறியை மட்டும் அணைத்துவிட வேண்டும்.

பிடிப்பதற்கு, பக்கப் பலகையின் உயரம் 20 செ.மீ. என்பதால் சாதாரண ஜி கிளாம்ப் எட்டாது. 8 மி.மீ. த்ரெட் ராடை 30 செ.மீ. துண்டுகளாக வெட்டி, இரண்டு முனையிலும் 40 மி.மீ. விட்டமும் 25 மி.மீ. கனமும் உள்ள மரவட்டு, ஒரு பக்கம் சாதாரண இரும்பு நட்டு, மறுபக்கம் விங் நட்டு. மரவட்டுகளை அம்பாசமுத்திரத்தில் சொப்பு சாமான் கடையும் பட்டறையில் கொடுத்தால் ஒரே அளவில் கடைந்து தருவார்கள். நடுத்துளையும் அங்கேயே போட்டு வாங்கிவிடலாம். கருவியைத் தொடும் பக்கத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்ட வேண்டும். 5 செ.மீ.க்கு ஒன்று வீதம் பூட்டி, விரலால் திருகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, மறுநாள் வரை விட வேண்டும். மழைக்காலமென்றால் இன்னொரு நாள் கூட. பிதுங்கிய வஜ்ரத்தை உடனே வெந்நீர்த் துணியால் துடைக்காவிட்டால் பிறகு உளிதான்.

சவுண்ட் போஸ்ட்

உள்ளே நிற்கும் அந்த உருளைக் குச்சியை ஒட்டுவதில்லை. தந்தியின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைக்கிறது. நான்கு ஸ்டீல் தந்திகளும் சேர்ந்து 110 முதல் 120 கிலோ வரை இழுக்கின்றன. நான்கையும் ஒரே சமயத்தில் கழற்றினால் போஸ்ட் விழும். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்று என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். இந்தக் கருவியில் அது ஏற்கெனவே விழுந்து உள்ளே உருண்டுகொண்டிருந்தது.

18 மி.மீ. விட்டம், நேர் நாருள்ள ஸ்ப்ரூஸ். தேக்கு, மாமரம் என்று கையில் கிடைத்ததைக் கடைந்து போடுவது வீண். கனமான மரம் சத்தத்தை அமுக்கிவிடும். நிற்க வேண்டிய இடம், பிரிட்ஜின் ஜி (மெல்லிய தந்தி) பக்கக் காலுக்கு நேர் பின்னே, கால் விளிம்பிலிருந்து ஏறத்தாழ போஸ்டின் விட்டம் அளவு தள்ளி. போஸ்டின் நார், முகப்புப் பலகையின் நாருக்குக் குறுக்காக இருக்க வேண்டும். இணையாக நின்றால் முகப்பில் குழி விழும். அதன் இரு முனையும் பலகையின் வளைவுக்கு ஏற்றபடி சரிவாகச் சீவப்பட்டிருக்க வேண்டும். பல் டாக்டர் வைத்திருக்கும் சிறு கண்ணாடியை முகப்பிலுள்ள f வடிவ ஏஃப் துளை வழியாக விட்டு, எண்ட்பின் (அடியில் தரையில் ஊன்றும் கம்பி) துளையில் செல்போன் டார்ச்சைக் காட்டினால் முனை முழுக்கப் படிந்திருக்கிறதா என்பது தெரியும். ஒரு ஓரத்தில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் மறுபடி வெளியே எடுத்துச் சீவத்தான் வேண்டும். பொறுமை போகும் இடம் இதுவே.

போஸ்ட் நீளமாக இருந்தால் ஜி பக்க ஏஃப் துளையின் விளிம்பு மேலே தள்ளும், சத்தம் இறுகிப்போகும். குட்டையாக இருந்தால் தானே சாயும். தந்தி தளர்ந்திருக்கும்போது விரலால் தள்ளினால் நகர வேண்டும், தானாக விழக்கூடாது. பிரிட்ஜுக்கு அருகே தள்ளினால் அடி கூர்மையாகும். பின்னே இழுத்தால் சத்தம் தளர்ந்து அகலமாகும். நகர்த்துவது ஒரு தடவைக்கு 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

ஃபிங்கர்போர்டும் நட்டும்

மலிவுக் கருவிகளில் ஃபிங்கர்போர்டு, அதாவது விரல் அழுத்தும் பலகை, கருப்புச் சாயம் பூசிய வேறு மரம். சீவினால் உள்ளே வெளுப்பாக வரும், அதனால் ஒன்றும் குறையில்லை. ஜி தந்தியை நட்டுக்குப் பக்கத்திலும் பலகையின் கடைசியிலும் அழுத்திப் பிடித்தால் நடுவில் 1.5 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். இ தந்திக்கு 2 மி.மீ. வரை போகலாம், அது அகலமாக ஆடும். இடைவெளியே இல்லாவிட்டால் தந்தி பலகையில் அடிக்கும், 3 மி.மீ. தாண்டினால் நடுப்பகுதியில் விரல் நோகும். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் ஒரு மேடு இருப்பது இந்த வகைக் கருவிகளின் பொது வியாதி. நேரான அலுமினியப் பட்டையை நீளவாக்கில் வைத்து, சாக்குக்கட்டியால் மேட்டைக் குறித்து, சுரண்டியால் எடுத்து, 120, 220, 400 என்று உப்புத்தாள் போட்டால் முடிந்தது. உப்புத்தாளை வெறும் கையால் தேய்த்தால் புது மேடு பள்ளம் வரும். நீளமான கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும்.

நட்டுக்குக் கருங்காலி. மரக்கடையில் வாங்கும்போது கடைசல்காரர் சொல்வதைக் கேட்க வேண்டும்: "அண்ணாச்சி, இது கருங்காலிதான், ஆனா பச்சையா இருக்கு. ஆறு மாசம் கெடக்கட்டும்." ஈர மரத்தில் நட்டு செய்தால் சில மாதத்தில் பள்ளம் அகன்று தந்தி உள்ளே ஆடும். தந்திக்கும் பலகைக்கும் நட்டில் இருக்க வேண்டிய இடைவெளி அரை மில்லிமீட்டர், தடித்த விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைய வேண்டும். வாங்கி வந்த நிலையில் பெரும்பாலும் 2 மி.மீ. இருக்கும்; இ தந்தியில் ஏஃப் பிடிக்கவே கை கடுப்பது அதனால்தான். பள்ளத்தின் ஆழம் தந்தி விட்டத்தில் பாதி, வட்ட அரத்தால் பெக் பெட்டியை (தந்தியை முறுக்கும் முளைகள் உள்ள பெட்டி) நோக்கிச் சரிவாக. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் ட்யூன் செய்யும்போது தந்தி கொக்கி போடாது.

பிரிட்ஜ்

நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பிரிட்ஜ் ஏஃப் துளைகளின் உள் வெட்டுகளுக்கு நேராக நிற்க வேண்டும். எண்ட்பின் பக்கம் பார்க்கும் முகம் முகப்புப் பலகைக்குச் செங்குத்து. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் தெரியும். ட்யூன் செய்யச் செய்யத் தந்தி அதைக் கழுத்துப் பக்கம் இழுக்கும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் மொத்தமாக விழுந்து முகப்பையும் உடைக்கும். இரண்டு கைகளாலும் மேல் விளிம்பைப் பிடித்து, இரு கட்டைவிரலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளும் பழக்கம் வேண்டும்.

காலடி முகப்போடு பொருந்துவதற்கு, முகப்பின் மேல் உப்புத்தாளை மேல்நோக்கி விரித்து, பிரிட்ஜை அதன் மேல் நிறுத்தி, தந்தி வாக்கில் முன்னும் பின்னும் தேய்ப்பதே எளிய வழி. கால் ஆடாமல் கையை நேராக வைக்க வேண்டும். இரண்டு கால்களையும் வெட்டி நடுவில் அலுமினியத் திருகுச் சக்கரம் பொருத்துவது இந்த ஊர் தட்பவெப்பத்துக்கு அவசியம் என்றே சொல்ல வேண்டும். ஒரே நிபந்தனை, இரு துளைகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கை டிரில்லில் போட்டால் கோணல் வரும்; சக்கரத்தைத் திருப்பும்போது கால் இறுகி நிற்கும். டிரில் பிரஸ் உள்ள பட்டறையில் கொடுப்பது உத்தமம்.

ஃபிங்கர்போர்டின் கடைசியில், பலகைக்கும் தந்திக்கும் நடுவே அளந்த உயரம்: ஜி 6 மி.மீ., டி 7, ஏ 8, இ 9. முறுக்கிய ஸ்டீல் தந்தி, விரலால் வாசிக்கும் ஜாஸுக்கு இதுதான் பொதுவான நடு அளவு. குடல் தந்தி போட்டால் இன்னும் 3 மி.மீ. ஏற்ற வேண்டும், அது அகலமாக ஆடும். கருவி வந்தபோது ஜி 11 மி.மீ.யில் இருந்தது. 5 மி.மீ. இறக்க வேண்டும் என்பதற்காக பிரிட்ஜில் 5 மி.மீ. வெட்டினால் போதாது. நட்டிலிருந்து பலகையின் கடைசி 84 செ.மீ., பிரிட்ஜ் 105 செ.மீ.; விகிதம் 0.8. பலகையின் கடைசியில் 1 மி.மீ. குறைய பிரிட்ஜில் 1.25 மி.மீ. இறங்க வேண்டும். ஆக 5க்கு 6.25.

இன்னும் இறக்கினால் என்ன? அமெரிக்க ஜாஸ் பேஸ்காரர் ஸ்காட் லஃபாரோ 1825இல் ஆபிரகாம் பிரெஸ்காட் செய்த பேஸில் தந்தியைத் தாழ்வாக வைத்து வாசித்தவர். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் அணியோடு அவர் வாசித்து லைவாகப் பதிவானதைக் கேட்டால், மேல் பகுதியில் அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். அதற்குப் பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, 25 வயதில் விபத்தில் இறந்துபோனார். ஆனால் தாழ்ந்த தந்தியை அழுத்தி இழுத்தால் பலகையில் அடித்து 'டக்' என்று மட்டும் கேட்கும். மென்மையாகத் தொடும் கை இருந்தால்தான் அது பலிக்கும். ஆம்ப் இல்லாத காலத்துப் பேஸ்காரர்கள் குடல் தந்தியை உயரத்தில் வைத்ததற்குக் காரணம் நேர்மாறு: டிரம்ஸைத் தாண்டிக் கேட்க வேண்டும். லைவ் ரெக்கார்டிங்குக்கு அந்தப் பழைய கணக்கில் பாதி உண்மை இருக்கிறது. ஜி 5 மி.மீ.க்குக் கீழே போனால் மைக்கில் நோட்டின் உடம்பு மெலிகிறது, பேஸ்காரர் தன்னையறியாமல் ஆம்பைத் தூக்குகிறார், அது டிரம்ஸ் மைக்குக்குள் ஒழுகுகிறது.

பிக்கப்பும் 50 ஹெர்ட்ஸும்

பிரிட்ஜின் இ பக்க இறக்கைப் பிளவில் செருகும் பீசோ பிக்கப், மரத்தின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் சிறு வட்டு. கடையில் வாங்கியதானாலும் சரி, எலக்ட்ரானிக்ஸ் கடையில் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் 20 மி.மீ. பீசோ வட்டை இரண்டு மெல்லிய மரத்தகட்டுக்கு நடுவே வைத்துச் செய்ததானாலும் சரி, இதன் நோய் ஒன்றுதான். பீசோ ஒரு கெப்பாசிட்டர். அதை நேராக மிக்சரின் லைன் இன்புட்டில் சொருகினால் அந்த இன்புட்டின் 10 கிலோஓம் மின்தடையும் பீசோவும் சேர்ந்து தாழ்ந்த ஒலியை வெட்டும் ஃபில்டராகிவிடும். பீசோ 10 நானோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் வெட்டு 1,590 ஹெர்ட்ஸில் விழும். பேஸின் நான்கு வெறும் தந்திகளும் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ், அத்தனையும் போச்சு. "பீசோ என்றாலே தகரச் சத்தம்" என்று ஊர் முழுக்கச் சொல்வது இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். அதே பீசோவை 1 மெகாஓமில் சேர்த்தால் வெட்டு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். சில பிக்கப்புகள் 2 நானோஃபாரட்தான் இருக்கும். அவற்றுக்கு 1 மெகாஓமும் போதாது, 80 ஹெர்ட்ஸில் வெட்டும். ஆகவே 10 மெகாஓம் என்று முடிவு செய்தால் எதற்கும் கவலையில்லை.

9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் ஒரு சோப்புப் பெட்டி அளவு இரும்பு டப்பாவில் அடங்கும். ஐசி டிஎல் 071. 100 கிலோஓம் இரண்டை பேட்டரியின் இரு முனைக்கும் நடுவே தொடராகப் போட்டு, நடுப்புள்ளியை 22 மைக்ரோஃபாரட்டால் தரையில் (கிரவுண்டில்) கட்டினால் 4.5 வோல்ட் கிடைக்கும். அங்கிருந்து 10 மெகாஓம் வழியாக ஐசியின் பிளஸ் இன்புட்டுக்கு. பிக்கப் சிக்னல் 10 நானோஃபாரட் வழியாக அதே இன்புட்டுக்கு. அவுட்புட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு 10 கிலோஓம். மைனஸிலிருந்து இன்னொரு 10 கிலோஓம், 22 மைக்ரோஃபாரட் வழியாகத் தரைக்கு. இரண்டு மடங்கு பெருக்கம், 6 டெசிபல். வெளியே போக 10 மைக்ரோஃபாரட், 100 ஓம். 10 மெகாஓம் ரெசிஸ்டர் உள்ள இடத்தில் ஈயப்பசையின் எச்சம் இருந்தால் மழைக்காலத்தில் கசிவு ஏற்பட்டு கரகரக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் போர்டைக் கழுவிவிட வேண்டும்.

அடுத்தது ஹம், அதாவது மின்சாரத்தால் வரும் உறுமல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இ தந்தியில் பிடிக்கும் தாழ்ந்த ஜி 49 ஹெர்ட்ஸ். வெறும் ஜி தந்தி 98; ஹம்மின் இரண்டாம் படி 100. அதற்கு மேலே டி 147; ஹம்மின் மூன்றாம் படி 150. பேஸ்காரர் தாழ்ந்த ஜி பிடித்து நிறுத்தும்போது சத்தம் நொடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கினால் அது கை நடுக்கமல்ல, ஹம்மோடு மோதுகிறது. 50ஐ மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போட்டு ஹம்மைக் கொன்றால் ஜியும் கூடவே சாகும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் எழுதிய குறிப்புகள் இதைச் சொல்லாது, அங்கே ஹம் பி ஃப்ளாட்டுக்கும் பிக்கும் நடுவில் விழுகிறது. ஹம்மை மூலத்திலேயே அடைக்க வேண்டும்: பீசோவைச் செம்புப் பட்டியால் முழுக்கச் சுற்றி அதை ஒயரின் தரையோடு சேர்ப்பது, டெயில்பீஸ் (தந்திகளின் கீழ்முனையை மாட்டும் துண்டு) பக்கம் ஸ்டீல் தந்திகளைத் தொடும்படி ஒரு மெல்லிய ஒயரை விட்டு அதையும் தரையில் கட்டுவது, லேப்டாப்பை சார்ஜரில்லாமல் ஓட்டுவது, மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைப்பது அல்லது மெயினில் அணைப்பது, ட்யூப்லைட் வேண்டாம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் வந்தால் அதன் அலை சதுரமாக இருக்கலாம், அப்போது மேல்படிகளும் சேர்ந்து 'ஜிர்ர்' என்று வரும். அந்த டேக்கை நிறுத்திவிடுவதே நல்லது. ஆம்புக்கும் மிக்சருக்கும் நடுவே ஹம் வந்தால் டிஐ பாக்ஸில் (கருவியை மிக்சரோடு சேர்க்கும் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் போட்டு, சிக்னல் ஒயரின் தரை இணைப்பைத் துண்டிக்கலாம். ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கும் வழக்கம் இங்கே உண்டு. ஸ்டீல் தந்தியைக் கையில் பிடித்து நிற்பவருக்கு அது உயிர் விஷயம்.

நிற்கும் இடம்

30, 20, 10 அடி என்பது கொத்தனாருக்குச் சுலபம், பேஸுக்குச் சாபம். ஹாலில் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகிறது. 10 அடி உயரத்தின் முதல் ஒத்ததிர்வு 57 ஹெர்ட்ஸில் விழுகிறது. 20 அடி அகலத்தின் இரண்டாவதும், 30 அடி நீளத்தின் மூன்றாவதும் அதே 57. மூன்றும் ஒரே இடத்தில் குவிகின்றன. தாழ்ந்த பி ஃப்ளாட் 58.3 ஹெர்ட்ஸ். ஜாஸில் பி ஃப்ளாட்டில் உள்ள பாட்டு நிறைய. அடிக்கு ஒரு நோட்டாக வாக்கிங் பேஸ் போகும்போது அந்த ஒரு நோட்டு மட்டும் ஹாலையே தூக்கும். பக்கத்து ஏஃப், ஜி காணாமல் போகும். சுவரில் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைப்பார்கள். அது சிம்பல் கூச்சலைக் குறைக்கும், 57 ஹெர்ட்ஸைத் தொடாது. அந்த அலையின் கால்பங்கு நீளமே 5 அடி.

வழி அந்த 5 அடியிலேயே இருக்கிறது. இந்த மூன்று அலைகளுக்கும் அழுத்தம் பூஜ்யமாகும் இடங்கள் உண்டு: நீளவாக்கில் சுவரிலிருந்து 5, 15, 25 அடி, அகலவாக்கில் 5, 15 அடி, உயரத்தில் நடு, அதாவது 5 அடி. பேஸ்காரரை மூலையில் நிறுத்தினால் மூன்றையும் ஒருசேர எழுப்புவார். மூலையிலிருந்து இரு சுவருக்கும் 5 அடி தள்ளி நிறுத்தினால் இரண்டை அடக்கிவிடலாம். டேப்பைப் பிடித்து அளந்து, தரையில் சாக்குக்கட்டிக் குறி போட்டால் போதும், ஒரு சாண் முன்பின்னானாலும் பரவாயில்லை. உயரத்தின் அலை மிச்சமிருக்கும், அதை மிக்சரில் 57இல் 3 டெசிபல் குறைத்தால் சரியாகும்.

மொசைக் தரையில் எண்ட்பின் வழுக்கும். மெடிக்கல் கடையில் ஊன்றுகோலுக்கு விற்கும் ரப்பர் புஷ் பிடிப்பாக நிற்கும். அடியில் இரண்டாக மடித்த சணல் சாக்கு. பத்தமடைப் பாய் அழகுதான், ஆனால் பேஸை வழுக்கிவிடும். நட்டு புருவ உயரத்தில் வரும்படி எண்ட்பின்னை இழுத்துப் பூட்ட வேண்டும். டிரம்ஸ்காரர் தாளம் தட்டும் ரைடு சிம்பல் பேஸ்காரரின் காதுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். ஹெட்போன் இல்லாமல் வாசிக்கும்போது தாளம் அங்கிருந்துதான் வரும்.

மைக்: பெரிய டயாஃப்ரம் கார்டியாயிடு (முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கும் ரகம்), பிரிட்ஜ் உயரத்தில், ஜி பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, முகப்பிலிருந்து 25 செ.மீ. அதன் முதுகு ரைடு சிம்பலைப் பார்க்க வேண்டும். ஏஃப் துளைக்கு நேராக வைத்தால் காற்று 'பூம்' என்று ஊதும். டிரம்ஸ்காரர் குச்சியை விடமாட்டேன் என்றால் மைக்கை 12 செ.மீ.க்குக் கொண்டுவரலாம், அப்போது தாழ்ந்த ஒலி தானே பெருகும், 40 ஹெர்ட்ஸில் வெட்ட வேண்டிவரும். இன்னொரு வழி, சட்டையில் மாட்டும் சிறு ஆம்னி (எல்லாப் பக்கமும் கேட்கும்) மைக்கை ஸ்பாஞ்சில் சுற்றி பிரிட்ஜுக்குக் கீழே, டெயில்பீஸ் பக்கம் செருகுவது. ஆம்னிக்கு அந்தப் பெருக்கம் கிடையாது. பேஸ்காரர் அசைந்தாலும் தூரம் மாறாது. ஆடி மாதத்தில் மேற்கு ஜன்னலைச் சாத்திவிட வேண்டும், காற்று நேராக மைக்கில் அடிக்கும்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். சோலோவில் எல்லோரும் பலம் கூட்டுவார்கள்.

கை

வலது கை ஆள்காட்டி விரலை கிட்டாரில் போல் நுனியால் தட்டக்கூடாது. தந்தி நெடுகவே விரலைச் சாய்த்து, முதல் இரண்டு கணுவின் பக்கச் சதை முழுக்கப் படும்படி வைத்து, கட்டைவிரலைப் பலகையின் ஓரத்தில் ஊன்றி, கையின் எடையால் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். இழுத்த விரல் அடுத்த தந்தியில் போய்ச் சாய்ந்து நிற்கும். மேலே தூக்கினால் தந்தி பலகைக்குச் செங்குத்தாக ஆடி அடிக்கும், சத்தம் மெலியும். இடம், பலகையின் கடைசியில். கழுத்துப் பக்கம் ஒரு சாண் போனால் வட்டமாகும், ரெக்கார்டிங்கில் டிரம்ஸுக்குள் கரைந்துவிடும்.

இடது கை, கீழ்ப்பகுதியில் ஒன்று, இரண்டு, நான்கு, அதாவது ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்கள். மோதிர விரல் சுண்டு விரலுக்குத் துணை, தனி நோட்டுக்கு இல்லை. லைவ் ரெக்கார்டிங்கில் பேஸ் மெலிந்து கேட்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இடது கையே: நிமிடத்துக்கு 200 வேகத்தில் ஒரு அடிக்கு 0.3 நொடி. அடுத்த நோட்டுக்குப் போகும் அவசரத்தில் விரலை 0.2இலேயே எடுத்துவிட்டால் நோட்டில் மூன்றில் ஒரு பங்கு மௌனம். அடுத்த விரல் பதியும் வரை முதல் விரல் விடக்கூடாது. வெறும் தந்தி வாசித்தபின் அது ஒலித்துக்கொண்டே இருப்பதும் மைக்கில் பெரிதாகக் கேட்கும், இடது கையின் சும்மா இருக்கும் விரலால் தொட்டு அணைக்க வேண்டும்.

ட்யூனிங் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியே ஹார்மோனிக்): தாழ்ந்த தந்தியின் கால்பங்கு ஹார்மோனிக்கும் மேல் தந்தியின் மூன்றில் ஒரு பங்கு ஹார்மோனிக்கும் ஒன்றாக ஒலித்தால் நான்காம் இடைவெளி சுத்தம். ஆனால் பியானோவின் நான்காவது அதைவிட 2 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அகலம். மூன்று ஜோடி தாண்டுவதற்குள் 6 சென்ட். பியானோ கூட இருந்தால் ட்யூனரைப் பார்த்துக்கொள்வதே மேல். வில் எடுப்பதாக இருந்தால் மென்மையான ரோசினை (வில்லில் தேய்க்கும் பிசின்) அக்கினி நட்சத்திர வெயிலில் டப்பாவில் விட்டுவிடாதீர்கள், வழிந்துவிடும். கெட்டி ரகம் வாங்க வேண்டும்.

மிக்ஸ்

மைக் ட்ராக்கும் பீசோ ட்ராக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. 25 செ.மீ. கடக்க ஒலிக்கு 0.7 மில்லிநொடி, 48 கிலோஹெர்ட்ஸில் 34 சாம்பிள். பீசோவை அவ்வளவு பின்னே தள்ளிவிட்டு, ஒன்றின் துருவத்தைத் திருப்பிப் பார்த்து, எதில் சதை கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். மைக் முக்கியம்; பீசோ 8 டெசிபல் கீழே, நோட்டின் அடி தெளிவதற்கு மட்டும். பீசோவில் 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸில் வரும் கிளிக்கைக் குறைத்து, மைக்கில் 200 ஹெர்ட்ஸை 2 டெசிபல் குறைத்தால் பெரும்பாலும் போதும். கம்ப்ரெசர் 3க்கு 1, அட்டாக் 30 மில்லிநொடி. அதைவிட வேகமாக வைத்தால் விரல் தொடும் ஓசை போய்விடும். கேட்பவர்களில் பாதிப்பேர் செல்போனில் கேட்பார்கள். அதில் 41 ஹெர்ட்ஸ் வராது; அதன் மேல்படிகள் வந்தால் காது மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதனால் 700லிருந்து 1,000 வரையுள்ள விரல் உரசலை அமுக்கிவிடாமல் விட வேண்டும்.

ரெக்கார்டிங் முடிந்ததும் தந்திகளைத் தளர்த்தக் கூடாது, போஸ்ட் சாயும். வேனில் ஏற்றினால் பிரிட்ஜ் எதிலும் படாமல் பக்கவாட்டில் படுக்க வைத்து, எண்ட்பின்னை உள்ளே தள்ளிவிட வேண்டும். கார்த்திகை மழை விட்டபின் ஜி தந்தியின் உயரத்தை மறுபடி அளந்து பாருங்கள். 7 மி.மீ. காட்டினால் பிரிட்ஜ் சக்கரம் இரண்டையும் ஒரே அளவு திருப்பி இறக்கி, மூலைமட்டத்தை வைத்து பிரிட்ஜ் செங்குத்தாக நிற்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.